காணிக்கை: கண்ணில் பிறந்த சொல்

நெல்லைச் சீமையின் தேவாலயங்களில் அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிந்த பிறகும் கூட்டம் கலையாது. வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், முருங்கைக்காய்க் கட்டு, கால் கட்டிய சேவல் என்று வீட்டுக்கு வீடு கொண்டுவந்து வைத்ததெல்லாம் முற்றத்துக்கு வரும், ஏலம் தொடங்கும். ஒரு எலுமிச்சம்பழம் கடைவிலையைப் போல் பல மடங்குக்குப் போகும். எடுத்தவர் சில நேரம் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் திரும்பவும் காணிக்கையாக வைத்துவிடுவார். அதே பழம் மறுபடி ஏலத்துக்கு வரும். விலையைத் தீர்மானிப்பது பழமில்லை என்று அங்கே நிற்கும் சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அந்த முற்றத்தில் புழங்கும் சொற்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒரு கடல் வரலாறே கிடைக்கும். ‘ஏலம்’ போர்த்துகீசியரின் ‘லெய்லாவோ’விலிருந்து வந்தது. கையிலிருக்கும் ‘துட்டு’ டச்சுக்காரரின் ‘டெய்ட்’ என்ற செப்புக்காசு. 1658இல் தூத்துக்குடியைப் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்ததை இந்த இரண்டு சொற்களே நினைவில் வைத்திருக்கின்றன. ஆனால் கொடுக்கிற பொருளின் பெயர் எந்தக் கப்பலிலும் வரவில்லை. ‘காணிக்கை’ இந்த மண்ணின் சொல்.

அதன் வேர் ‘காண்’. தெலுங்கில் கானுக, கன்னடத்தில் காணிகெ, மலையாளத்தில் காணிக்க. நான்கு மொழிகளிலும் பொருள் ஏறக்குறைய ஒன்றே: பெரியவரையோ தெய்வத்தையோ காணப் போகும்போது கையில் கொண்டுபோவது. பழைய கணக்கில் ‘காணி’ என்றால் எண்பதில் ஒரு பங்கு. அந்தச் சிறு பங்கே காணிக்கை ஆயிற்றோ என்று எண்ணத் தோன்றும். தசமபாகம் பற்றிப் பேசிப் பழகிய சபைகளில் அந்த எண்ணம் இன்னும் எளிதாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் அண்டை மொழிகளின் வடிவங்கள் ‘காண்’ என்ற வினையின் பக்கமே நிற்கின்றன. மலையாளத்தில் ‘காழ்ச்ச’ என்ற ஒரே சொல் பார்வையையும் குறிக்கும், காலடியில் வைக்கும் பரிசையும் குறிக்கும். அரசவைகளில் வழங்கிய ‘நஜர்’ என்பதையும் பார்வை என்னும் ‘நஸர்’ என்று கொள்வோர் உண்டு, அது தவறு. அது நேர்ந்துகொள்ளுதலைக் குறிக்கும் அரபுச் சொல், நம் ‘நேர்ச்சை’க்குத்தான் உறவு.

வெறுங்கையோடு பெரியவர் முகத்தில் விழிக்கக்கூடாது என்ற வழக்கம், சொல்லைவிட மூத்தது. சங்க நூல்களில் அதற்குக் ‘கையுறை’ என்று பெயர். சிலப்பதிகாரத்தின் வஞ்சிக் காண்டத்தில் செங்குட்டுவன் மலைவளம் காணப் போகிறான். குன்றக் குறவர் யானைத் தந்தமும் அகிலும் தேனும் சந்தனமும் சுமந்து வந்து அவன் முன் நிற்கிறார்கள். அந்தப் பகுதியின் பெயர் காட்சிக் காதை. அந்தக் ‘காட்சி’ பத்தினிக்குக் கல் தேடும் சடங்கைக் குறிப்பது, பரிசைக் குறிப்பதல்ல; என்றாலும் காணுதலும் கொடுத்தலும் ஒரே மலைச்சரிவில் நடக்கின்றன.

பிறகு நடந்ததுதான் வருத்தம். பெரியவரைக் காண ஆசையோடு கொண்டுபோன பொருள், கொண்டுபோகாவிட்டால் காண முடியாது என்ற விதியாக இறுகியது. விஜயநகரக் காலக் கல்வெட்டுகளில் குடிகள் செலுத்த வேண்டிய வரிகளின் வரிசையில் காணிக்கையும் ஒன்றாக எழுதப்பட்டிருக்கிறது. மனமுவந்து தருவதற்குப் பிறந்த சொல் தண்டல்காரனின் ஓலையில் ஏறியது. பின்னாளில் இதே சொல் விவிலியத்துக்குள் நுழைந்தபோது, இந்த இரண்டு நினைவுகளையும், ஆசையையும் கட்டாயத்தையும், சேர்த்தே சுமந்து போனது.

விவிலியத்தின் உலகமும் இந்த வழக்கத்தை நன்றாக அறிந்திருந்தது. இஸ்ரவேலின் ஆண்கள் ஆண்டுக்கு மூன்று முறை ஆண்டவரின் முகத்தைக் காண வரவேண்டும், வரும்போது வெறுங்கையாக வரக்கூடாது என்பது யாத்திராகமத்திலும் உபாகமத்திலும் உள்ள கட்டளை. அந்த வருகைக்காகச் செலுத்தும் பலிக்கு யூத மரபு வைத்த பெயர் ‘ரெஇய்யா’. எபிரேயத்தில் அதன் வேர் ‘ராஆ’, அதாவது காண். தமிழ்க் காணிக்கைக்கும் எபிரேயக் காணிக்கைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை; ஆனால் இரண்டு மொழிகளும் ஒரே வினையிலிருந்து ஒரே செயலுக்குப் பெயர் எடுத்திருக்கின்றன. அந்தப் பலிக்குக் குறைந்த அளவு என்ன என்பதில் ஷம்மாய், ஹில்லேல் என்ற இரண்டு யூத ஆசான்களின் பள்ளிகளுக்கு இடையே வழக்கே நடந்தது. ஷம்மாய் வழியினர் இரண்டு வெள்ளிக்காசு என்றார்கள், ஹில்லேல் வழியினர் ஒன்று என்றார்கள். யூத மரபுச் சட்டங்களின் தொகுப்பான மிஷ்னா இரண்டையும் பதிந்து வைத்திருக்கிறது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு சில ஆண்டுகளிலேயே புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றத் தொடங்கினார். பிறகு பப்ரிசியுஸின் மொழிபெயர்ப்பு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பவர் தலைமையில் திருத்தம் நடந்தது. இன்று சபைகளில் வாசிக்கும் பழைய திருப்புதலைத் திறந்தால், காயீன் கொண்டுவந்த விளைச்சலும் காணிக்கை, கீழ்த்திசை ஞானிகள் வைத்த பொன்னும் காணிக்கை, மலைப்பிரசங்கத்தில் பலிபீடத்தின் முன் விட்டுவிட்டுப் போகச் சொல்லும் பொருளும் காணிக்கை. எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் வெவ்வேறாக இருந்த பல சொற்களைத் தமிழில் ஒரே சொல் தாங்கிக்கொண்டது. இவற்றில் மிகச் சரியாகப் பொருந்துவது ஞானிகளின் இடம்தான். அவர்கள் நெடுந்தூரம் நடந்தது ஒரு குழந்தையைக் காண்பதற்காக. கண்ட பிறகே பெட்டிகளைத் திறந்தார்கள்.

மாற்கு 7ஆம் அதிகாரத்தில் மூலச்சொல் ஒன்று அப்படியே நிற்கிறது: கொர்பான். ‘அருகில் வருதல்’ என்ற வேரிலிருந்து பிறந்த சொல் அது. கேரளச் சிரியன் கிறிஸ்தவர்களின் ‘குர்பானா’ அதன் உறவு. தமிழ் முஸ்லிம்கள் பக்ரீதுக்குக் கொடுக்கும் ‘குர்பானி’யும் அதே குடும்பம். தமிழ் விவிலியம் கொர்பானுக்குப் பக்கத்திலேயே காணிக்கை என்று விளக்கமும் சேர்த்திருக்கிறது. அந்த இடத்தில் இயேசு கண்டிப்பது, ஆண்டவனுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பெற்ற தாய்தகப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவதை. பலிபீடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் முதியவரைப் பார்க்காமல் போவது கொடை ஆகாது. காணிக்கை என்ற சொல்லின் கிறிஸ்தவ வரலாற்றில் இதுவே பெரிய திருப்பம். யாரைக் காண்பதற்காக இந்தப் பொருள் என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

கேள்வி அங்கே நிற்கவில்லை. மத்தேயு 6ஆம் அதிகாரம் இன்னும் கடினமானது. பிறர் காணும்படி தர்மம் செய்யாதே என்கிறது அது. மூலத்தில் ‘தெஅதேனாய்’ என்ற வினை. நாடக அரங்கைக் குறிக்கும் ‘தியேட்டர்’ அதே வேரில் முளைத்தது. தமிழில் அங்கே நிற்கும் வினை, வேறெது, காண்தான். காணுதலில் பிறந்த கொடை, காணப்படுவதற்காகச் செய்யப்படக் கூடாது. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற அளவுக்கு அந்தக் கட்டளை போகிறது.

கொடுப்பவனின் கண்ணைப் பற்றியும் விவிலியம் பேசுகிறது. எபிரேய வழக்கில் தாராளம் ‘நல்ல கண்’, கருமித்தனம் ‘கெட்ட கண்’. தமிழாக்கியவர்கள் இதைக் கையாண்ட விதம் அருமை. நீதிமொழிகள் 22ஆம் அதிகாரத்தில் தன் உணவில் ஏழைக்குப் பங்கு கொடுப்பவன் ‘கருணைக்கண்ணன்’. அடுத்த அதிகாரத்திலேயே கஞ்சன் ‘வன்கண்ணன்’. திராட்சைத் தோட்டத்துக்குக் கடைசியில் வந்தவனுக்கும் முழுக்கூலி கொடுத்த எசமானைப் பார்த்துப் பொருமியவனுக்கும் மத்தேயு 20இல் வன்கண்ணன் என்றே பெயர். இந்தச் சொற்கள் தமிழ்க் காதுக்கு அந்நியமாக ஒலிக்காததற்குக் காரணம் உண்டு. திருக்குறளின் 58ஆம் அதிகாரம் ‘கண்ணோட்டம்’. இன்று அந்தச் சொல்லை எந்தக் கருத்தரங்கிலும் ‘பார்வைக் கோணம்’ என்ற பொருளில் செலவழிக்கிறோம். வள்ளுவருக்கு அது இரக்கம், பார்த்த இடத்தில் ஓடிப்போய் நிற்கும் கண். பார்வைக்கும் ஈரத்துக்கும் உள்ள அந்த உறவைத் தமிழ் முன்பே அறிந்திருந்ததால்தான் கருணைக்கண்ணன் இங்கே ஊருக்குள் எளிதாக நடந்து வந்தான்.

இந்தத் தாராளத்துக்குப் பவுல் பயன்படுத்தும் கிரேக்கச் சொல் ‘ஹப்ளோடேஸ்’. மடிப்பில்லாமை, ஒற்றைத்தன்மை என்பது அதன் அடிப்படை. உள்ளே ஒரு கணக்கு, வெளியே ஒரு கணக்கு என்று மடித்து வைக்காத மனம். 2 கொரிந்தியரில் அது ‘உதாரத்துவம்’ என்று தமிழாகியிருக்கிறது. பொருள் சரி, ஆனால் அந்த மடிப்பற்ற துணியின் படம் மொழிபெயர்ப்பில் நழுவிவிட்டது. பவுல் பேசுவது எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய பணத்தைப் பற்றி. வருத்தத்தோடும் கட்டாயத்தோடும் வேண்டாம், மலர்ந்த முகத்தோடு கொடுங்கள் என்கிறார். வரியாய் இறுகிப்போன காணிக்கையைத் தெரிந்த சமூகம் இதைக் கேட்டபோது எப்படி உணர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

எருசலேமுக்கான அந்தப் பணத்துக்குத் தமிழில் கிடைத்த பெயர் காணிக்கை அல்ல, ‘தர்மப்பணம்’, ‘தர்மசகாயம்’. அப்போஸ்தலர் நடபடிகள் 24இல் பவுல் தன் வருகையின் காரணம் சொல்லும்போது தர்மப்பணமும் காணிக்கையும் ஒரே மூச்சில் இரண்டு பொருளாக வருகின்றன. ஆண்டவனுக்குப் போவது காணிக்கை, மனிதனுக்குப் போவது தர்மம் என்ற பிரிவினை அப்படியே நம் பேச்சில் தங்கிவிட்டது. மூலத்தில் பவுல் அந்தக் கோட்டை அழிக்கவே முயல்கிறார்: ஏழைகளுக்கான அந்த உதவிக்கு 2 கொரிந்தியர் 9இல் அவர் வைக்கும் பெயர்களில் ஒன்று ‘லெய்த்தூர்கியா’. திருச்சபைகள் இன்றும் வழிபாட்டு முறைக்குச் சொல்லும் ‘லித்துர்ஜியா’ அதுவே. ஏழையின் கையில் வைக்கும் காசு ஆராதனையின் ஓர் அங்கம் என்பது அவருடைய மொழியிலேயே இருக்கிறது. தமிழில் அது தெரியாமல் போனது ஓர் இழப்பு.

ஆதித் திருச்சபைக்கு அது தெரிந்திருந்தது. இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு வழிபாட்டை வருணிக்கும்போதே சேர்ந்த பணம் எங்கே போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறார்: அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், வழிப்போக்கர்கள். விரும்பியவர் விரும்பிய அளவு கொடுக்கலாம். ரோமில் 258இல் கொல்லப்பட்ட திருத்தொண்டர் லாரன்ஸைப் பற்றி ஒரு மரபுக்கதை உண்டு. திருச்சபையின் செல்வங்களை ஒப்படைக்கச் சொன்ன அதிகாரியிடம் அவர் நகரத்தின் ஏழைகளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாராம். ‘காட்டு’ என்பது ‘காண்’ என்ற வினையின் பிறவினை. லாரன்ஸ் அன்று செய்தது சொல்லின் முழுப் பொருளிலும் காணிக்கை.

இவ்வளவுக்கும் நடுவில் நிற்பவள், ஆலயப் பெட்டியில் காசு போட்டதாக மாற்கு சொல்லும் ஏழை விதவை. எருசலேம் ஆலயத்தில் எக்காளத்தின் வடிவில் 13 காணிக்கைப் பெட்டிகள் இருந்ததாக மிஷ்னா சொல்கிறது. அவள் போட்டது இரண்டு லெப்டா. யூத நாட்டில் புழங்கிய காசுகளில் அதைவிடச் சிறியது இல்லை. இரண்டும் சேர்ந்தால் ஒரு ரோமக் குவாத்ரான்ஸ், அதாவது ஒரு தினாரியத்தில் 64இல் ஒரு பங்கு. தினாரியம் ஒரு நாள் கூலி. இன்றைக்கு நாட்கூலி 640 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அவள் போட்டது 10 ரூபாய். ரோமக் காசைத் தமிழ் வாசகருக்கு எப்படிச் சொல்வது? மாற்கு 12இல் மொழிபெயர்ப்பாளர்கள் ‘துட்டு’ என்று எழுதினார்கள். கடற்கரையில் கருவாடு விற்றவளின் முந்தானையில் முடிந்திருந்த டச்சுச் செப்புக்காசு எருசலேமின் பெட்டியில் விழுந்தது. வாசிக்கிற பெண்ணுக்கு அந்தக் காசின் கனம் கையில் தெரிந்திருக்கும்.

அந்த நிகழ்ச்சியில் காண்பவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். இயேசு பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் யாரையும் காண வரவில்லை, யாரும் காண வேண்டும் என்றும் வரவில்லை. அரசனைக் காண ஏழை பொருளோடு போவது பழைய காணிக்கை. இங்கே அரசன் உட்கார்ந்து ஏழையைக் காண்கிறான்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல் எப்படி வாழ்ந்தது என்பதற்கு நெல்லையை விட நல்ல இடம் இல்லை. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் 1830இல் ‘தர்ம சங்கம்’ தொடங்கினார். மதம் மாறியதால் குடியிருந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றுவது அதன் வேலை. சபை மக்களின் சிறு கொடைகள் அங்கே நிலமாயின, கிணறாயின, தெருவாயின. ஜெர்மானியப் பிரபு டோனா கொடுத்த பணத்தில் உருவான குடியிருப்புக்கு அவர் பெயரே அமைந்தது: டோனாவூர். ஊர்ப்பெயராகவே மாறிப்போன ஒரு கொடை அது. அதே ஊரில் 1901 முதல் வாழ்ந்து, கோயில்களுக்கு விடப்பட்ட சிறுமிகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் வளர்த்த ஏமி கார்மைக்கேல், பணம் கேட்டு வெளியே வேண்டுகோள் விடுவதில்லை என்ற உறுதியோடு இருந்தார். 1951இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக் கல் வைக்கவில்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்து, தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்.

வெளிநாட்டுப் பிரபுவின் பணத்தை எவ்வளவு காலம் எதிர்பார்ப்பது என்று கேட்டவர்களும் நெல்லைக்காரர்களே. வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவும் நண்பர்களும் 1903இல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியர் பணம், இந்தியர் ஊழியம், இந்தியர் நிர்வாகம் என்பதே அடிப்படை. பனையேறிகளும் விவசாயக் கூலிகளும் நிறைந்த சபைகள் கொடுத்த காசில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல் பகுதிக்கு ஊழியர்கள் போனார்கள். பின்னர் அசரியா அங்கேயே பேராயரானார். 1912இல் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் இந்திய ஆங்கிலிக்கர் அவர். கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் ஒரு சிறு நூலும் எழுதினார். கொடுக்க எதுவுமில்லை என்று நம்பவைக்கப்பட்ட மக்களைப் பார்த்து, நீங்கள் கொடுக்கக்கூடியவர்கள் என்று சொல்வதில் எவ்வளவு பெரிய மரியாதை இருக்கிறது! பெறுகிறவனாக மட்டுமே பார்க்கப்பட்டவன் பெட்டியின் முன் நிமிர்ந்து நிற்கிறான்.

கையில் காசில்லாத வீட்டுக்குக் கைப்பிடி அரிசி. உலையில் இடுமுன் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள் வீட்டுக்காரி. வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். மிசோரமில் இதே வழக்கம் 1910 முதல் பெண்களால் நடத்தப்பட்டு, அரிசியை விற்ற பணமே திருச்சபையின் வருமானத்தில் பெரும் பங்காக வளர்ந்தது. ஒரு பிடி குறைந்த சோற்றை வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அவள் மட்டும் தன் தட்டில் கவனித்திருப்பாள்.

இன்று சபைகளில் பெயர்கள் பெருகிவிட்டன: ஸ்தோத்திரக் காணிக்கை, பொருத்தனைக் காணிக்கை, பிறந்தநாள் காணிக்கை, கட்டடக் காணிக்கை. வேளாங்கண்ணியில் முடி காணிக்கை கொடுப்பவரும் பழனியில் கொடுப்பவரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். மின்விசிறியின் இறக்கையிலும் பெஞ்சின் முதுகிலும் கொடுத்தவர் பெயர் எழுதப்படுகிறது. அன்பின் நினைவாக எழுதியவையும் அவற்றில் உண்டு, இறந்த பிள்ளையின் பெயரைப் பார்த்துக்கொண்டே உட்கார ஒரு தாய்க்கு அந்தப் பெஞ்சு வேண்டியிருக்கலாம். ஆனால் எழுத ஒன்றும் இல்லாதவள் அந்தப் பெயர்களுக்கு நடுவில் தன் கையைப் பற்றி என்ன நினைப்பாள் என்பதையும் சபை யோசிக்க வேண்டும்.

யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார் என்பதற்கு அடையாளமும் அங்கேயே இருக்கிறது. பல ஆலயங்களில் காணிக்கை எடுக்க இன்றும் தட்டு வருவதில்லை, பை வருகிறது. மரப்பிடியின் முனையில் வளையம், வளையத்தில் தைத்த வெல்வெட் பை, முழங்கை ஆழத்துக்குக் கொஞ்சம் குறைவு. காணிக்கைப் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போது வரிசை வரிசையாக நகர்ந்து வரும். பணக்காரரின் கையும் பீடி சுற்றுகிறவளின் கையும் மூடியபடியே உள்ளே போய், திறந்தபடி வெளியே வருகின்றன. நாணயம் துணியில் விழுவதால் சத்தமும் கேட்பதில்லை. பை அடுத்த வரிசைக்குப் போகிறது.